நெல்லிக்காய் போஸ்டரோடு லிஸ்பன் போய் வந்த கதை

2018 ஜூன் 4 முதல் 7 வரை போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் சர்வதேச ஃப்ரீ ராடிக்கல் ஆய்வுச் சங்கத்தின் மாநாடு நடந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடும் மாநாடு, அது 19-ஆவது. நான் அப்போது திருச்சியில் பிஎச்.டி. மூன்றாம் ஆண்டு. லேபில் பின்னால் வந்த தம்பி தங்கைகள் "எப்படிக்கா போனீங்க, பணம் யார் கொடுத்தா" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள், அதனால் மொத்தமாக ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். பணம், விசா எல்லாம் வரும். ஆனால் எனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியிருப்பது அங்கே என் ஆய்வை விளக்கி மாட்டியிருந்த போஸ்டர் முன்னால் நின்று ஒருவர் கேட்ட கேள்வியைப் பற்றித்தான்.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக இரண்டு வரி. எலக்ட்ரான்கள் சாதாரணமாக ஜோடியாக இருக்கும், ஜோடி இல்லாத ஒற்றை எலக்ட்ரானோடு திரியும் அணுவோ மூலக்கூறோதான் ஃப்ரீ ராடிக்கல், பள்ளிப் புத்தகத்தில் தனி உறுப்பு என்று படித்திருப்போம். 1954-இல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெபெகா கெர்ஷ்மான் என்ற பெண் விஞ்ஞானி, அதிக ஆக்சிஜன் செய்யும் கேடும் எக்ஸ்ரே செய்யும் கேடும் இந்த ராடிக்கல்கள் வழியாகத்தான் நடக்கின்றன என்று எழுதினார். 1969-இல் மெக்கார்ட், ஃப்ரிடோவிச் என்ற இரண்டு விஞ்ஞானிகள், சூப்பராக்ஸைடு என்ற ஆக்சிஜன் ராடிக்கலை அடக்குவதற்கென்றே நம் செல்களுக்குள் சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்ற ஒரு நொதி வேலை செய்கிறது என்று காட்டிய பிறகு இது தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. என் வேலை நெல்லிக்காய். அதன் சாற்றையும், அதில் நிறைய இருக்கும் காலிக் அமிலத்தையும் புற்றுநோய் செல்கள் மேல் விட்டால் செல்கள் செத்துப்போகின்றன என்று இரண்டு வருட டேட்டா கையில் இருந்தது.

ஆய்வுச் சுருக்கம் அனுப்பி, போஸ்டருக்குத் தேர்வாகி, ஏற்பு மடல் வந்த அன்றே பயண உதவிக்கு விண்ணப்பித்துவிட்டேன். அந்த ஒரு நாளைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள், அரசின் பயண உதவித் திட்டங்களுக்கு ஏற்பு மடல் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது, அது வந்த பிறகு இருக்கும் நாட்களோ குறைவு. அப்புறம், இந்தச் சர்வதேசச் சங்கம் கண்டம் வாரியான சங்கங்களின் கூட்டமைப்பு, ஆசியாவுக்கு ஒன்று உண்டு, இந்தியாவிலும் ஒரு கிளை இருக்கிறது. மாணவராக அதில் உறுப்பினராகிவிடுவது நல்லது, இளம் ஆய்வாளர்களுக்கான உதவித்தொகை அறிவிப்புகள் அந்த வழியாகத்தான் முதலில் வரும். எனக்கு அனுமதி மடல் வந்தது கிளம்புவதற்குப் பதினொரு நாள் முன்னால். வந்தாலும் பணம் கைக்குக் கிடைப்பது போய் வந்து பில் கொடுத்த பிறகுதான், அதனால் அம்மாவின் இரண்டு வளையல் கூட்டுறவு வங்கிக்குப் போனது. போர்டிங் பாஸ் துண்டுகளைப் பத்திரமாக வையுங்கள். நான் எல்லாவற்றையும் பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே வைத்திருந்தேன், அப்படியும் ஒரு துண்டைக் காணோம் என்று பில் இரண்டு மாதம் நின்றது.

விசாவுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விதிதான். கட்டணம் அப்போது 60 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, மாநாட்டு அழைப்பு, பல்கலைக்கழகத் தடையின்மைச் சான்று, வங்கிக் கணக்கு விவரம். என் உதவித்தொகைக் கணக்கில் மாதக் கடைசியில் என்ன மிஞ்சும் என்று உங்களுக்கே தெரியும், அதனால் அப்பாவின் கணக்கையும், செலவை அவர் ஏற்கிறார் என்று அவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தையும் சேர்த்து வைத்தேன். கைரேகைக்காகச் சென்னை போய் வர ஒரு நாள். வேறு சிக்கல் எதுவும் வரவில்லை.

போஸ்டரை அச்சடித்தது சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் கடையில். கல்யாண பேனர், கண்ணீர் அஞ்சலி பேனர் வரிசைக்கு நடுவில் என் வரைபடங்கள் திரையில் வந்தன. கடைத் தம்பி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எழுத்து ரொம்பப் பொடியா இருக்குக்கா, நடந்து போறவங்க கண்ணுல படாது" என்றான். மாநாட்டுக் குறிப்புகள் எத்தனையோ படித்திருந்தேன், இவன் சொன்னதுதான் அதில் ஆக உருப்படியான யோசனை. அங்கேயே உட்கார்ந்து பாதி எழுத்தை வெட்டினேன், தலைப்பை இரண்டு மடங்காக்கினேன். துணியில் அச்சடித்தோம், மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம், உருளைக் குழாயைத் தூக்கிக்கொண்டு விமானத்துக்கு விமானம் மாற வேண்டிய தொல்லை இல்லை.

லிஸ்பன் மேடும் பள்ளமுமான ஊர். ஜூன் என்பதால் புனித அந்தோணியார் திருவிழாவுக்குத் தெருவெல்லாம் வண்ணக் காகிதத் தோரணம், எங்கே திரும்பினாலும் மத்தி மீன் சுடும் வாசனை. கடை வாசல்களில் சின்னச் சின்னத் தொட்டியில் பந்து மாதிரி ஒரு செடி, காகிதப் பூவும் நாலு வரிக் கவிதையும் குத்தி வைத்திருந்தார்கள். நான் குனிந்து முகரப் போனேன், விற்ற அம்மா அவசரமாகத் தடுத்து, கையால் செடியைத் தடவி அந்தக் கையை முகர வேண்டும் என்று செய்து காட்டினார். மூக்கை வைத்தால் செடி வாடிவிடும் என்பது அங்கே நம்பிக்கையாம். முகர்ந்தால் நம்ம ஊர்த் திருநீற்றுப்பச்சிலை வாசம்.

போஸ்டர் அமர்வில் முதல் அரை மணி நேரம் யாரும் வரவில்லை. பிறகு வயதான ஒரு பேராசிரியர் வந்தார், தலைப்பைப் படித்தார், நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த மூன்று நிமிடப் பேச்சை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "செல்லே இல்லாத ஊடகத்தில், அதாவது செல் வளர்க்கும் திரவத்தில் மட்டும், காலிக் அமிலத்தை விட்டுப் பார்த்தீர்களா?" என்றார். இல்லை என்றேன். "கேட்டலேஸ் சேர்த்துப் பார்த்தீர்களா?" அதுவும் இல்லை (கேட்டலேஸ் ஹைட்ரஜன் பெராக்ஸைடை உடைக்கும் நொதி). அவர் கோபப்படவில்லை, பேனாவை எடுத்து என் கையேட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார்.

காலிக் அமிலம் மாதிரியான பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்கள் செல் வளர்ப்பு ஊடகத்தில் விழுந்ததுமே ஆக்சிஜனோடு தானாகவே வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடை உண்டாக்கும். அப்படியென்றால் செல்லைக் கொல்வது நெல்லிக்காயின் மருத்துவ குணமாக இருக்க வேண்டியதில்லை, டப்பாவுக்குள் உருவான பெராக்ஸைடாகவே இருக்கலாம். உடம்புக்குள் இதே மாதிரி நடக்கும் என்று சொல்லவும் முடியாது. பச்சைத் தேயிலைப் பாலிஃபீனால்களை வைத்து, சிங்கப்பூரில் பேரி ஹாலிவெல் என்ற விஞ்ஞானியின் குழு 2000-ஆம் ஆண்டிலேயே இதை வெளியிட்டிருந்தது. பதினெட்டு வருடம் முன்னால் வந்த கட்டுரை, நான் படிக்கவில்லை. ராடிக்கலை அளக்க நான் நம்பியிருந்த டிசிஎஃப் என்ற ஒளிரும் சாயத்தையும் அந்தப் பேராசிரியர் விடவில்லை, அது பெராக்ஸைடோடு நேராக வினைபுரிவதே இல்லை, இரும்பு போன்ற வேறு ஏதாவது நடுவில் இருந்தால்தான் ஒளிரும் என்றார். அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. மீதி நாட்களில் மற்றவர்களின் போஸ்டர்களுக்கு முன்னால் போய் நின்று, முடிவு வேறு காரணத்தால் வரவில்லை என்று உறுதிசெய்யும் கட்டுப்பாட்டுச் சோதனை என்னென்ன வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டேன். ஒருவர்கூட முகம் சுளிக்காமல் உட்கார்ந்து சொன்னார்கள், அதை மறக்க மாட்டேன்.

ஊர் திரும்பி ஜெட் லாக் தீர்வதற்குள் செய்த முதல் வேலை இதுதான். செல் இல்லாத ஊடகத்தில் காலிக் அமிலம். கொஞ்ச நேரத்தில் நிறம் மங்கிப் பழுப்பேறியது, அந்தப் பழுப்பை நான் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். பெராக்ஸைடு இருந்தால் ஊதாவாகும் சைலெனால் ஆரஞ்சு கலந்த வினைப்பொருளை விட்டதும் சோதனைத் தட்டின் குழிகள் மஞ்சளிலிருந்து ஊதாவுக்குத் திரும்பின, அமிலம் கூடக் கூட ஊதாவும் ஏறியது. வெறும் ஊடகம் இருந்த குழிகள் மஞ்சளாகவே நின்றன. அடுத்த வாரம் செல்களோடு செய்தேன். கேட்டலேஸ் பெரிய புரதம், செல்லுக்குள் புகாது, வெளியே நின்று பெராக்ஸைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடும். அதைச் சேர்த்த குழிகளில் செல்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. கொதிக்க வைத்துச் செயலிழந்த கேட்டலேஸ் சேர்த்த குழிகளில் பழையபடி செத்தன.

என் ஆய்வு வழிகாட்டி சார் அந்த ஊதாத் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "சரிம்மா, மூணாவது அத்தியாயத்தை முதல்லேர்ந்து எழுது" என்றார். எழுதி முடிக்க ஏழு மாதம் ஆனது. பாதி தயாராகியிருந்த கட்டுரையை அனுப்பாமல் வைத்து, தலைப்பையே மாற்றி, ஊடகத்தில் உருவாகும் பெராக்ஸைடை நடுவில் வைத்துத் திரும்ப எழுதினோம். இப்போது ஆரம்பிப்பவர்களுக்கு எங்கள் அளவு கஷ்டம் இல்லை, ராடிக்கல், பெராக்ஸைடு போன்ற இந்த மூலக்கூறுகளை எதை வைத்து அளக்கலாம், எதை வைத்து அளக்கக் கூடாது என்று துறையின் மூத்தவர்கள் பலர் சேர்ந்து 2022-இல் நேச்சர் மெட்டபாலிசம் இதழில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறார்கள், சோதனையைத் தொடங்கும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

பில் பாஸாகி வளையல்களை மீட்டது அடுத்த பொங்கலுக்கு. ஊதாத் தட்டின் படத்தை இணைத்து அந்தப் பேராசிரியருக்கு நன்றி சொல்லி மடல் எழுதியிருந்தேன். இரண்டே வரியில் பதில் வந்தது. முதல் வரியில் வாழ்த்து, இரண்டாவது வரியில் "சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் சேர்த்துப் பார்த்தீர்களா?" இன்னும் இல்லை என்று பதில் போட்டுவிட்டு, அன்று சாயங்காலமே சாரிடம் கேட்டு அதற்கு ஆர்டர் போட்டேன்.