14ஆம் தேதிக்கு மேல் வரும் வேலை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் மாதம் தேதிகளால் ஆனது. 7ஆம் தேதி டி.டி.எஸ். (பிடித்தம் செய்த வருமான வரி), 11 ஜி.எஸ்.டி.ஆர்-1 (விற்பனை விவரம்), 15 பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20 3பி (ஜி.எஸ்.டி. கட்டும் மாத ரிட்டர்ன்). இதற்கு நடுவே சனிக்கிழமை தவறாமல் வாரச் சம்பளம். இவற்றையெல்லாம் யாரும் எழுதி வைத்து ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஆடிட்டர் ஆபீஸிலிருந்து முந்தின நாளே போன் வந்துவிடும்.

பயிற்சி வகுப்பு எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் போர்டில் நான்கு கட்டம் வரைவார்கள். அவசரம் ஒரு பக்கம், முக்கியம் ஒரு பக்கம். கூடவே அமெரிக்க அதிபராக இருந்த ஐசனோவர் பெயரும் வரும். 1954 ஆகஸ்டில் எவன்ஸ்டன் நகரில் நடந்த உலகத் திருச்சபைகள் மன்றப் பேரவையில் அவர் பேசியது அவ்வளவு பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. தன் பிரச்சினைகள் இரண்டு வகை, அவசரமானவை முக்கியமல்ல, முக்கியமானவை ஒருபோதும் அவசரமல்ல என்று ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னதை எடுத்துச் சொன்னார். கட்டம் போட்டதெல்லாம் பின்னால் வந்தவர்கள். எங்கள் மேஜையில் அந்தக் கட்டம் நிற்காது. சட்டம் தேதி குறித்த வேலையை 'முக்கியமில்லை' என்று எந்த அக்கவுண்டன்ட் எழுதுவான்? முதலாளி கேட்ட ஸ்டேட்மெண்டை அப்படி எழுதத்தான் முடியுமா? எல்லாம் அவசரமும் முக்கியமும் சேர்ந்த முதல் கட்டத்திலேயே போய்க் குவியும்.

அதனால் நான் வேறு ஒரு கேள்வி கேட்டுப் பிரிக்கிறேன்: தவறிவிட்டால், பணம் கட்டித் தீர்த்துக்கொள்ள முடியுமா? 3பி ஒரு நாள் தள்ளினால் 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. டி.டி.எஸ். ரிட்டர்ன் தள்ளினால் நாளுக்கு 200. கசக்கும், ஆனால் கட்டினால் தீர்ந்தது. பயமெல்லாம் இவற்றுக்குத்தான், சத்தமும் இவற்றுக்குத்தான்.

உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது நாம் கொடுத்த ஜி.எஸ்.டி.யை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது, அப்படியல்ல. நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங் என்று பல இடங்களிலிருந்து பில் வருகிறது. அவரவர் தம் ரிட்டர்னில் ஏற்றினால்தான் அது நம் 2பியில், அதாவது ஜி.எஸ்.டி. தளம் நமக்குத் தரும் வரவுப் பட்டியலில், தெரியும். தெரிந்தால்தான் வரவு எடுக்கலாம். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள் எடுக்காவிட்டால் போனது போனதுதான். எந்த அபராதம் கட்டியும் திரும்ப வாங்க முடியாது. ஏப்ரலில் வந்த பில்லுக்குக் கணக்குப் பார்த்தால் 20 மாதம் அவகாசம். 20 மாதம் அவகாசம் உள்ள வேலையை எவன் இன்றைக்குச் செய்வான்!

2பி ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி வரும். அதைக் கொள்முதல் பதிவேட்டோடு ஒவ்வொரு பில்லாக ஒப்பிட்டால் விடுபட்டவை தெரியும். காரணங்கள் அற்பமானவை. ஒருவர் பில் எண்ணில் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ போட்டிருப்பார். ஒருவர் நம் ஜி.எஸ்.டி. எண்ணையே போடாமல் சில்லறை விற்பனையில் சேர்த்திருப்பார். சின்ன நிட்டிங்காரர்கள் பலர் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் தாக்கல் செய்கிறார்கள். அவர்கள் பில் வருவதற்குள் நாமே மறந்துவிடுவோம். போன் செய்தால், "அடுத்த மாசம் ஆடிட்டருகிட்டச் சொல்லிப் போட்டுடறனுங்ணா" என்பார்கள். பொய் இல்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார்கள். அடுத்த நவம்பரில் கூப்பிட்டால் யூனிட்டையே காலி செய்திருப்பார்.

15ஆம் தேதி காலையில் இதை எடுத்து உட்கார்ந்தால், பேங்கில் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கேட்பார்கள், ஆர்டர்களைப் பார்க்கும் மெர்ச்சண்டைசர் ஒரு பில்லைத் திருத்தித் தரச் சொல்லி நிற்பார். இரண்டும் பத்து நிமிட வேலை, முடித்த திருப்தியும் உடனே கிடைக்கும். லாபம் குறைவென்று தெரிந்தும், கெடு இருப்பதுபோல் தோன்றும் வேலையையே மனிதர்கள் முதலில் எடுக்கிறார்கள் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு சோதனைகள் செய்து காட்டியது. எங்கள் ஆபீஸுக்கு ஆய்வே தேவையில்லை.

மனஉறுதியால் இதைச் சரிசெய்யலாம் என்று நான் நம்புவதில்லை. பட்டியலில் முதலிடம் கொடுத்தும் பயனில்லை. பத்து மணிக்கு எழுதியது பதினொன்றுக்குக் கீழே போய்விடும். பலன் தந்தது பேமெண்டில் வைத்த ஒரு கட்டுப்பாடு: பில் 2பியில் தெரியும்வரை கூலித் தொகை மட்டும் போகும், வரிப் பகுதி நிற்கும். அதன் பிறகு நான் யாரையும் துரத்தவில்லை. "ஏனுங்க, அந்த அஞ்சு பர்சன்ட் இன்னும் வரலீங்களே?" என்று அவர்களே கூப்பிடுகிறார்கள். எனக்கு இருந்த முக்கியம், அவர்களுக்கு அவசரமாகிவிட்டது.

இதை எல்லாரிடமும் காட்டுவது நியாயமில்லை. பெரிய நூல் மில்லுக்கு இந்தப் பிடிப்பு உறைக்கவே உறைக்காது, அங்கே பெரும்பாலும் தேவையும் இல்லை. நாலு மெஷின் வைத்திருப்பவருக்கோ அது அந்த வாரக் கூலி. தவிர, குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் பாக்கி வைத்தால், அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க விடமாட்டார்கள். பிடித்து வைப்பதற்கும் ஒரு கெடு ஓடுகிறது. ஆகவே சின்னவர்களுக்கு முழுப் பணத்தையும் போட்டுவிடுகிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எங்கள் ஆபீஸ் பையன் பில் பட்டியலை எடுத்துக்கொண்டு போய், அவர்களுக்கு ரிட்டர்ன் போடும் ஆளின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஏற்ற வைத்துவிட்டு வருகிறான். பெட்ரோல் காசை 'இதர செலவு' தலைப்பில் எழுதிக்கொள்கிறேன். முதலாளி இதுவரை கேள்வி கேட்டதில்லை.