ஆசிரியர் வெற்றிடமும் ஸ்மார்ட் போர்டும்

இலங்கையின் மலையகத் தமிழ்ப் பாடசாலை ஒன்றுக்கு, ஸ்மார்ட் போர்ட் எனும் மின்திரைப் பலகை போன்ற புதிய கருவி வந்தால் திறப்பு விழா நடக்கிறது. ரிப்பன் வெட்டப்படுகிறது, அதிபர் நன்றியுரை கூறுகிறார், மறுநாள் படங்கள் முகநூலில் வருகின்றன. கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போகும் நாளைப் படமெடுக்க எவரும் வருவதில்லை. கல்வித் தொழில்நுட்பம் குறித்த எனது ஐயம் இங்கிருந்துதான் தொடங்குகிறது: வகுப்பறைக்குள் நுழையும் கருவி, யாருடைய இடத்தை நிரப்பிவிட்டதாகக் கணக்கெழுதப்படுகிறது?

தேயிலைத் தோட்ட நிர்வாகத்தின் கையில் இப்பாடசாலைகள் இருந்த காலத்தில், பல இடங்களில் ஒற்றை ஆசிரியரே எல்லா வகுப்புகளையும் ஒரே மண்டபத்தில் வைத்து நடத்தினார். 1970களில் அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. 1980களில் சுவீடன் அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான சீடா கட்டடங்களுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் உதவியது. (அதே சுவீடன், வகுப்பறையில் திரைகளைக் குறைக்க எண்ணி, 2023இல் தன் பிள்ளைகளுக்கு அச்சிட்ட பாடநூல்களை மீண்டும் வாங்கிக் கொடுக்கப் பணம் ஒதுக்கியது.)

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வட்ஸ்அப்புக்கு மாறின. தோட்டத் தொழிலாளர் வரிசையாக வாழும் லயன் வீடொன்றில் ஒரு ஸ்மார்ட் போன் இருந்தால், அது பகலில் அப்பாவோடு வெளியே போய்விடும். நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று 2021இல்தான் நிர்ணயிக்கப்பட்ட குடும்பங்களில் ரீலோட், அதாவது போனுக்குப் பணம் நிரப்புவது, அரிசியோடு போட்டியிடும் செலவு. ஆகவே கருவிகளையும் இணைப்பையும் கொடுத்தால் போதும் என்ற முடிவுக்குப் பலர் வந்தார்கள். எனக்கு அந்த முடிவு பாதி உண்மையாகவே படுகிறது. சிக்னல் கிடைத்த பிள்ளைகளும் விடைகளைப் படமெடுத்து அனுப்பினார்களே தவிர, சமன்பாட்டின் எந்தப் படியில் பென்சில் தயங்கி நின்றது என்பதை எந்தப் படமும் ஆசிரியருக்குக் காட்டவில்லை. மேசையருகே நின்று, அந்தத் தயக்கத்தைக் கண்டு, "இந்தக் கழித்தல் குறி எங்கே போனது?" என்று கேட்பதற்குப் பெயர்தான் கற்பித்தல், அதைச் செய்ய ஆளில்லாத பாடசாலைக்கு வேகமான இணைப்பு கொடுத்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் வேண்டும்.

பெரு நாட்டின் அனுபவமும் இதையே சொல்கிறது. அங்கே கிராமப்புறப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி வழங்கப்பட்டது. 319 பாடசாலைகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, கணிதத்திலோ மொழியிலோ அதனால் முன்னேற்றம் ஏற்பட்டதற்குச் சான்றில்லை என்று கண்டது. கணினிகள் போய்ச் சேர்ந்தன. கற்பிக்கும் முறை அப்படியே இருந்தது.

இப்போது செயற்கை நுண்ணறிவின் முறை. இலங்கையிலும் 2024இல் அதைப் பாடசாலைகளில் அறிமுகப்படுத்தும் முன்னோடித் திட்டம் பேசப்பட்டது. அதை நான் எதிர்க்கவில்லை. நல்ல ஆசிரியர் ஒருவரின் கையில் அது பயன்படும். ஆனால் விஞ்ஞான ஆசிரியர் வேண்டுமென்று பெற்றோர் கேட்கும்போது, "உங்களுக்குத்தான் ஸ்மார்ட் போர்ட் தந்திருக்கிறோமே" என்ற பதில் வருமானால், அந்தக் கருவி பிள்ளைகளுக்கு உதவுவதை விட அதிகாரிகளுக்கே அதிகம் உதவுகிறது.

ஆகவே, கருவிகள் கோரும் படிவத்தில் மாணவர் தொகை, மின்வசதி ஆகியவற்றோடு, அந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்ற நிரலையும் வலயக் கல்விப் பணிமனைகள் சேர்க்க வேண்டும். "இல்லை" என்று எழுதும் பாடசாலைக்கும் கருவியை அனுப்பலாம். வெற்றிடப் பட்டியலிலிருந்து மட்டும் அதன் பெயரை அடிக்கக் கூடாது.