பிப்ரவரி நாட்குறிப்பு: லாங்லியின் மேற்குக் கட்டடத்துப் பெண்கள்

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

மேரி ஜாக்சன் மறைந்து இன்றோடு 20 ஆண்டுகள் ஆகின்றன. பதினோராம் வகுப்பு மாணவியருக்கு மடக்கை அட்டவணையைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு வீடு திரும்பிய மாலையில், என்னைப் போலவே கணக்கு ஆசிரியையாக வேலையைத் தொடங்கிய அந்தப் பெண்ணைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. வர்ஜீனியா மாநிலத்தின் ஹாம்ப்டன் நகரில் 1921-இல் பிறந்த மேரி, அதே ஊரில் இருந்த ஹாம்ப்டன் இன்ஸ்டிட்யூட்டில் கணிதமும் இயற்பியல்சார் அறிவியலும் படித்து 1942-இல் பட்டம் பெற்றார். ஓராண்டு மேரிலாந்தில் பள்ளி ஆசிரியையாக இருந்தார். வேறு சில வேலைகளுக்குப் பிறகு 1951-இல் ஹாம்ப்டனில் இருந்த, பின்னாளில் நாசா என்ற அமெரிக்க விண்வெளி அமைப்பின் அங்கமான லாங்லி வானூர்தி ஆய்வகத்தில், கறுப்பினப் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட கணக்கிடும் பிரிவில் சேர்ந்தார்.

வேலை நிமித்தமாக ஆய்வகத்தின் கிழக்குப் பகுதிக்கு அனுப்பப்பட்ட ஒரு நாளில், கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு அங்கிருந்த வெள்ளையினப் பெண்கள் சிரித்தார்கள். இவர் பயன்படுத்தத் தக்க கழிப்பறை எதுவென்று தாங்கள் அறிந்திருக்க வேண்டிய தேவை என்ன என்பதே அந்தச் சிரிப்பின் பொருள். அந்தக் கொதிப்போடு திரும்பியவரின் சொற்களைக் கேட்டு நின்ற பொறியாளர் காசிமியர் சார்னெக்கி, தன்னிடம் வந்து வேலை செய்யுமாறு அழைத்தார். 60,000 குதிரைத்திறனில் இயங்கி, ஒலியைப் போல் இரு மடங்கை நெருங்கும் வேகத்தில் காற்றைச் செலுத்தி வானூர்தி மாதிரிகளைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் அவருடைய புதிய பணி தொடங்கியது.

பொறியாளர் பதவிக்கு உயர வேண்டுமென்றால் சில மேற்படிப்பு வகுப்புகளில் தேற வேண்டும். வர்ஜீனியா பல்கலைக்கழகம் நடத்திய அந்த மாலை வகுப்புகள், வெள்ளையினப் பிள்ளைகள் மட்டுமே படித்த ஹாம்ப்டன் உயர்நிலைப் பள்ளியின் கட்டடத்தில் நடந்தன. தான் பிறந்து வளர்ந்த ஊரின் பள்ளிக்கூடத்துக்குள் நுழைவதற்கு, முப்பது வயதைக் கடந்த பட்டதாரி ஒருவர், மீயொலிவேகக் காற்றை அளந்துகொண்டிருந்த ஒருவர், நகர நிர்வாகத்திடம் தனி அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அவர் கேட்டார்; அனுமதி கிடைத்தது; 1958-இல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளரானார்.

இந்தக் கதையில் வகுப்புகளின் கடினத்தை யாரும் பேசுவதில்லை. அவருக்கு அது கடினமாகவே இருந்திருக்காது என்று நினைக்கிறேன். கேட்பதுதான் கடினம்.

13 பிப்ரவரி, வியாழன்

கம்ப்யூட்டர் என்ற சொல் ஒரு காலத்தில் மனிதரைக் குறித்தது என்று வகுப்பில் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கணினி, கணிப்பொறி என்று நாம் ஆக்கிக்கொண்ட சொற்களில் பொறி மட்டுமே இருக்கிறது, ஆள் இல்லை. லாங்லியில் 1935-இல் ஐந்து பெண்களைக் கொண்டு கணக்கிடும் பிரிவு தொடங்கியபோது, அந்தப் பதவியின் பெயரே கம்ப்யூட்டர்தான். காற்றுச் சுரங்கத்தின் அழுத்தமானிகளிலிருந்தும் படச்சுருள்களிலிருந்தும் அளவுகளைப் படித்தெடுத்து, ஸ்லைடு ரூல் என்ற கணக்கிடும் அளவுகோலும் மேசைமேல் வைக்கும் கணக்கிடும் இயந்திரமும் கொண்டு கட்டம் கட்டமாகக் கணித்து, வரைபடமாக்கிப் பொறியாளரிடம் ஒப்படைப்பது அவர்கள் வேலை.

அந்த அறைக்குள் கறுப்பினப் பெண்கள் எப்படி வந்தார்கள் என்பதும் ஒரு கேட்டலின் கதைதான். தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப், பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் கறுப்பினத்தவருக்கு வேலை மறுக்கப்படுவதை எதிர்த்து வாஷிங்டனை நோக்கிப் பெரும் பேரணி நடத்தப் போவதாக அறிவித்தார். பேரணி நடப்பதற்கு முன்பே, 25 ஜூன் 1941 அன்று, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 8802-ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டு அந்தப் பாகுபாட்டைத் தடை செய்தார். போர்க்காலத்தில் வானூர்தி ஆய்வுக்கு ஆள் பற்றாக்குறையும் சேர்ந்துகொள்ளவே, 1943-இல் லாங்லியின் கதவு திறந்தது.

திறந்த கதவுக்குள் இன்னொரு சுவர் இருந்தது. வெள்ளையினப் பெண்கள் கிழக்கே, இவர்கள் மேற்கே. இவர்களுக்குத் தனி அறை, தனிக் கழிப்பறை, உணவகத்தில் தனி மேசை. அந்த மேசைமேல், நிறத்தார் (கறுப்பினத்தவரை அன்று அழைத்த சொல்) கணிப்பாளர்களுக்கான இடம் என்று அறிவிக்கும் அட்டை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. மிரியம் மான் என்பவர் அதை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மறுபடி ஓர் அட்டை வந்தது, அதையும் எடுத்தார். பல முறை இப்படி நடந்த பிறகு, ஒரு நாள் அட்டை வருவது நின்றது. இதை அவருடைய மகள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வேலை போய்விடும் என்ற அச்சம் வீட்டில் இருந்திருக்கும். எடுத்த கை நடுங்கியதா என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

இன்று முழுக் காலையையும் ஒரே கணக்குக்குக் கொடுத்தேன். அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் 1962-இல் பறந்த ஃப்ரெண்ட்ஷிப் 7 விண்கலம் பூமிக்கு மேலே குறைந்தது 161 கிலோமீட்டர், அதிகபட்சம் 261 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. இவ்விரண்டின் சராசரியான 211-ஐப் பூமியின் ஆரமான 6,371-உடன் கூட்டினால் 6,582. இதை முப்படியாக்கி, பூமியின் ஈர்ப்புக்கான எண்ணாகிய 398,600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 2π-ஆல் பெருக்கினால் ஒரு சுற்றுக்கான நேரம் வினாடிகளில் கிடைக்கும். கால்குலேட்டரைத் தொடுவதில்லை என்று முடிவு செய்து, நீண்ட பெருக்கலிலேயே போட்டேன்.

முதல் முறை 94 நிமிடம் என்று வந்தது. தேடிப் பார்த்ததில், நகலெடுக்கும்போது 6582 என்பது 6852 ஆகியிருந்தது. இரண்டு இலக்கங்கள் இடம் மாறியதில் ஐந்தரை நிமிடம் கூடிவிட்டது. நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கலத்துக்கு அது 2,500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பிழை. கடலில் மீட்புக் கப்பல் ஒரு பக்கமும் விண்கலம் வேறு பக்கமுமாகப் போயிருக்கும். இரண்டாம் முறை 5,314 வினாடி, அதாவது 88 நிமிடம் 34 வினாடி வந்தது. பதிவான அளவு 88 நிமிடம் 29 வினாடி.

இது ஒரே ஒரு வாய்பாடு. அவர்களுடைய தாள்களில் இப்படிப்பட்ட படிகள் வரிசை வரிசையாக நின்றன. ஒரு வரியின் விடை அடுத்த வரியின் தொடக்கம் என்பதால், மூன்றாம் வரியில் நேர்ந்த பிழை முப்பதாம் வரியைக் கெடுக்கும். அதனால் ஒருவர் போட்டதை மற்றொருவர் சரிபார்ப்பது வழக்கம். அவ்வளவு நம்பி ஒப்படைக்கப்பட்ட கைகளுக்கு, ஒரே மேசையில் அமர்ந்து சாப்பிடும் உரிமை மட்டும் இல்லாதிருந்தது என்பதை என்னால் அமைதியாக எழுத முடியவில்லை.

18 பிப்ரவரி, செவ்வாய்

டோரதி வாஹன் பற்றி. வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் 1929-இல் பட்டம் பெற்று, வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான ராபர்ட் ரஸ்ஸா மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1943 டிசம்பரில் லாங்லிக்குப் போனார். பிள்ளைகளைக் குடும்பத்தாரிடம் விட்டுவிட்டுப் போனார். போர் முடியும் வரைக்குமான தற்காலிக வேலை என்றுதான் நினைத்தார். 1949-இல் மேற்குப் பிரிவின் பொறுப்புத் தலைவராகி, நாசாவுக்கு முன்னோடியான அந்த அமைப்பிலேயே முதல் கறுப்பின மேற்பார்வையாளரானார். தன் கீழிருந்த பெண்களில் யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று தெரிந்து அனுப்புவதிலும், அவர்களுக்கு ஊதிய உயர்வும் பதவி உயர்வும் கேட்டு வாதாடுவதிலும் அவர் பெயர் பெற்றவர்.

அவர் விட்டுவந்த மோட்டன் பள்ளியில், 23 ஏப்ரல் 1951 அன்று, பதினாறு வயது மாணவி பார்பரா ஜான்ஸ் தலைமையில் நானூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வெளியேறினார்கள். இடநெருக்கடிக்குத் தீர்வாகத் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளைப் போட்டு அவற்றில் பாடம் நடத்தியதை எதிர்த்த போராட்டம் அது. அதிலிருந்து பிறந்த வழக்கு, 1954 மே 17 அன்று பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஐந்து வழக்குகளில் ஒன்றாயிற்று.

தீர்ப்புக்கு மோட்டன் பள்ளி இருந்த மாவட்டம் தந்த பதில், 1959-இல் தன் பொதுப் பள்ளிகள் அனைத்தையும் இழுத்து மூடியது. கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பதைவிடப் பள்ளிக்கூடமே இல்லாமல் இருக்கட்டும் என்ற முடிவு. 1964 வரை அவை மூடியே கிடந்தன. வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஏற்பாடானது. ஆலன் ஷெப்பர்டு விண்ணுக்குப் போன 1961-உம் கிளென் பூமியைச் சுற்றிய 1962-உம் அந்த ஐந்து ஆண்டுகளுக்குள்தான் வருகின்றன. ஒரே மாநிலத்தின் ஒரு மூலையில் கறுப்பினப் பெண் ஒருவர் விண்கலத்தின் பாதையைக் கணித்துக்கொண்டிருக்க, இன்னொரு மூலையில் கறுப்பினச் சிறுமிக்குக் கூட்டல் சொல்லித்தரப் பொதுப் பள்ளி இல்லை. விண்வெளிப் பந்தயத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும்.

20 பிப்ரவரி, வியாழன்

கிளென் பறந்த நாள், 1962. நாசாவின் மின்னணுக் கணிப்பொறியான ஐபிஎம் 7090 பாதையைக் கணித்திருந்தது. புதிய இயந்திரத்தின்மீது விண்வெளி வீரர்களுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. அந்த எண்களை அந்தப் பெண் கையால் போட்டுச் சரிபார்க்கட்டும், அவர் சரியென்றால் நான் புறப்படத் தயார் என்று கிளென் சொன்னதாக, அந்தப் பெண்ணான லாங்லி கணிப்பாளர் கேத்தரின் ஜான்சன் நினைவுகூர்ந்திருக்கிறார். இயந்திரத்துக்குள் போன அதே சமன்பாடுகளை, அதே எண்களோடு, மேசைக் கணக்கிடும் இயந்திரத்தில் ஒன்றரை நாள் போட்டுப் பார்த்தார். விடைகள் ஒத்துப்போயின. கிளென் மூன்று முறை சுற்றிவிட்டு, புறப்பட்டு 4 மணி நேரம் 55 நிமிடம் கழித்துக் கடலில் இறங்கினார்.

அந்தப் பெண் என்பதற்குக் கிளென் பயன்படுத்திய ஆங்கிலச் சொல்லுக்குச் சிறுமி என்றே பொருள். கேத்தரினுக்கு அப்போது வயது 43. மூன்று மகள்களுக்குத் தாய். அன்றைய அலுவலகங்களில் பெண்களை அப்படி அழைப்பது இயல்பு என்று எனக்குத் தெரியும். இயல்பாக இருந்ததுதான் என்னை உறுத்துகிறது.

22 பிப்ரவரி, சனி

ஓஹியோவின் கிளீவ்லாந்து ஆய்வகத்தில் 1955-இல் சேர்ந்த ஆனி ஈஸ்லி, பிற்காலத்தில் சென்டார் ராக்கெட்டுக்கான நிரல்கள் எழுதியவர். அவரும் சக ஊழியர்களும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது, அவர் முகத்தை மட்டும் வெட்டி நீக்கியிருந்தார்கள். இதை ஒரு நேர்காணலில் அவரே சொல்லியிருக்கிறார். அதன் பிறகும் 1989 வரை அங்கேயே வேலை செய்தார். இன்று இதற்கு மேல் எழுத மனமில்லை.

24 பிப்ரவரி, திங்கள்

கேத்தரின் ஜான்சன் 2020-இல் இதே நாளில், 101-ஆம் வயதில் மறைந்தார். மேற்கு வர்ஜீனியாவில் அவர் பிறந்த வட்டாரத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதனால் அவருடைய தந்தை, பிள்ளைகள் மேலே படிக்கட்டும் என்று குடும்பத்தை இன்ஸ்டிட்யூட் என்ற ஊருக்குக் குடியேற்றினார். 14 வயதில் உயர்நிலைப் பள்ளி முடித்து, 18 வயதில் பட்டம் பெற்ற கேத்தரினுக்கென்றே, கல்லூரியில் கணிதப் பேராசிரியர் கிளேட்டர் வெளிசார்ந்த பகுமுறை வடிவியல் பாடம் ஒன்றை உருவாக்கி நடத்தினார். அமெரிக்காவில் கணித முனைவர் பட்டம் பெற்ற மூன்றாவது கறுப்பினத்தவர் கிளேட்டர். தன் மாணவி ஆய்வாளராக வேண்டும் என்று நினைத்தார். ஓர் ஆசிரியர் ஒரே மாணவிக்காகப் பாடத்தையே உருவாக்கினார் என்பதைப் படித்தபோது, என் வகுப்பின் கடைசி வரிசையை நினைத்துக்கொண்டேன்.

லாங்லிக்கு 1953-இல் வந்த இரண்டே வாரத்தில் டோரதி வாஹன் அவரைப் பறத்தல் ஆய்வுப் பிரிவுக்கு அனுப்பினார். பொறியாளர்களின் கூட்டங்களுக்குத் தானும் வரலாமா என்று கேட்டபோது, பெண்கள் வருவதில்லை என்றார்கள். வரக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா என்று திரும்பக் கேட்டார். இல்லை, ஆகவே உள்ளே போனார். ஆய்வகத்தில் தான் பிரிவினையை உணரவில்லை, எல்லோரும் ஆய்வில் மூழ்கியிருந்தார்கள் என்று அவர் பின்னாளில் சொன்னதை நான் மதிக்கிறேன். ஆனால் மிரியம் மானின் கைப்பைக்குள் போன அட்டைகளும் அதே ஆய்வகத்தில்தான் இருந்தன.

1960-இல் பொறியாளர் டெட் ஸ்கோபின்ஸ்கியோடு சேர்ந்து அவர் எழுதிய அறிக்கையின் கேள்வி இது: குறிப்பிட்ட ஓரிடத்துக்கு மேலாக விண்கலம் கடந்து செல்ல வேண்டுமென்றால், ராக்கெட்டின் எரிதல் நிற்கும் கணத்தில் அது எந்தத் திசைக்கோணத்தில் இருக்க வேண்டும்? கலம் ஒரு சுற்று முடிப்பதற்குள் பூமி ஏறத்தாழ 22 பாகை திரும்பிவிடுகிறது. பூமி முழு உருண்டையாகவும் இல்லை. மூன்று சுற்றுகளுக்குப் பிறகு எங்கே இருக்க வேண்டும் என்பதை முதலில் வைத்துக்கொண்டு, பின்னோக்கிக் கணித்து, கிடைத்த விடையைத் திரும்பத் திரும்பத் திருத்திச் செல்லும் முறை அது. நான் ஞாயிறன்று ஒதுக்கிவிட்ட பூமியின் தட்டைத்தன்மையை அவர் சேர்த்துக்கொண்டிருந்தார். பெரும்பகுதி வேலையைச் செய்தவர் கேத்தரின்தான், அவரே முடிக்கட்டும் என்று ஸ்கோபின்ஸ்கி சொன்னார். அந்தப் பிரிவில் ஒரு பெண்ணின் பெயர் ஆசிரியராக அறிக்கையில் அச்சானது அதுவே முதல் முறை.

26 பிப்ரவரி, புதன்

வாஷிங்டனில் உள்ள நாசா தலைமையகத்துக்கு மேரி ஜாக்சன் பெயரைச் சூட்டும் விழா 2021-இல் இந்த நாளில் நடந்தது. கடந்த செப்டம்பர் 18 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் கேத்தரின், டோரதி, மேரி, கிறிஸ்டின் டார்டன் ஆகியோருக்கும், பெயர் அறியப்படாதவர்கள் உட்பட அங்கே கணித்த பெண்கள் எல்லோருக்குமாக ஒன்றும் வழங்கப்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் மேற்குப் பிரிவு 1958-இல் கலைக்கப்பட்ட பிறகு, ஃபோர்ட்ரான் என்ற கணினி நிரல் மொழியைத் தானே கற்றுப் பிறருக்கும் கற்பித்த டோரதிக்கு, 1971-இல் ஓய்வு பெறும் வரை மீண்டும் தலைமைப் பொறுப்புக் கிடைக்கவே இல்லை. அவர் அதை விரும்பி முயன்றும் கிடைக்கவில்லை. மேரி ஜாக்சன், பொறியாளராகத் தனக்கு மேலே வழி அடைபட்டதைக் கண்டு, 1979-இல் பதவி இறக்கத்தை ஏற்றுக்கொண்டு, பெண்களின் வேலைவாய்ப்பைக் கவனிக்கும் பொறுப்புக்குப் போனார். பின்னால் வருகிறவர்களுக்காகக் கேட்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காக.

1967-இல் சேர்ந்த கிறிஸ்டின் டார்டன், தன்னைப் போலவே படித்த ஆண்கள் பொறியாளர்களாக அமர, பெண்கள் மட்டும் ஏன் கணக்கிடும் அறைக்கு அனுப்பப்படுகிறார்கள் என்று மேலதிகாரியிடம் நேராகக் கேட்டவர். அதற்குப் பிறகு பொறியியல் பிரிவுக்கு மாற்றப்பட்டு, மீயொலி வானூர்திகளின் அதிரொலியை ஆய்வதில் வல்லுநரானார். இதை வகுப்பில் சொல்லிவிட்டு, ஞாயிறன்று நான் போட்ட கணக்கையே பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். தாளின் அடியில் கணக்கிட்டவர், சரிபார்த்தவர் என்று இரண்டு கோடுகள் போட்டிருந்தேன். பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, கடைசி வரிசையிலிருந்து, இதுவரை என்னிடம் எதுவும் கேட்டிராத பிள்ளை எழுந்தாள். பூமி முழு உருண்டை இல்லை என்றால் நாம் எந்த ஆரத்தை எடுப்பது என்று கேட்டாள்.