கேட் (GATE) தேர்வின் சுரங்கவியல் தாள்: மீத்தேன் பகுதியை நான் படித்த விதம்

தண்டையார்பேட்டையில் உட்கார்ந்து சுரங்கக் காற்றோட்டம் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் பார்க்கிற நிலக்கரியெல்லாம் எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையத்துக்குப் போவதுதான். அதில் பெரும்பகுதி ஒடிசாவின் தால்சேரிலிருந்து, பாரதீப் வழியாகக் கப்பலில் வருகிறது. தால்சேரில் பெரும்பாலும் திறந்தவெளிச் சுரங்கம், நெய்வேலியிலும் அதேதான். நிலத்தடிச் சுரங்கத்தில் கால் வைக்காமலே அதன் வாயுவைப் பற்றிப் படிக்க வேண்டியிருக்கிறது.

அதனால் சதவீதங்களை மனப்பாடம் செய்வதில் தொடங்காதீர்கள். வாயு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். தாவரம் நிலக்கரியாக மாறும்போது உண்டான மீத்தேன், அதன் நுண்துளைகளின் பரப்பில் அழுத்தத்தால் ஒட்டிக்கிடக்கிறது. வெட்டும்போது அழுத்தம் குறைகிறது, வாயு விடுபடுகிறது. பொதுவாக ஆழம் கூடக்கூட வாயுவும் கூடும். வெட்டி முடித்துக் கைவிட்ட பகுதியிலும் அது சேர்ந்திருக்கும். வெளியே காற்றழுத்தம் இறங்கினால் அங்கிருந்து கசியும். காற்றைவிட லேசானது என்பதால் காற்றோட்டம் மந்தமான இடத்தில் கூரையை ஒட்டிப் படலமாக நிற்கும்.

மதிப்பெண் இருப்பது கணக்கில்தான். ஒரு டன் உற்பத்திக்கு எத்தனை கனமீட்டர் வாயு என்பதை வைத்து நம் நாட்டில் சுரங்கங்களை மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள். 1 கனமீட்டருக்கு மேல் 10 வரை இரண்டாம் தரம், 10-ஐத் தாண்டினால் மூன்றாம் தரம். முதல் தரத்துக்கு 1 கனமீட்டருக்குள் இருந்தால் மட்டும் போதாது. காற்றிலும் வாயு 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

ஒரு கணக்கு போடலாம். வெளியேறும் காற்று நொடிக்கு 40 கனமீட்டர், அதில் மீத்தேன் 0.5 சதவீதம், உள்ளே வரும் காற்றில் மீத்தேன் இல்லை, நாள் உற்பத்தி 2000 டன். வாயு நொடிக்கு 0.2 கனமீட்டர். 86,400-ஆல் பெருக்கினால் நாளுக்கு 17,280. டன்னுக்கு 8.64, ஆக இரண்டாம் தரம். காற்று நொடிக் கணக்கு, உற்பத்தி நாள் கணக்கு. கேள்வி கேட்பவர் காத்திருப்பது இங்கேதான்.

அதே வாயுவை 0.75 சதவீதத்துக்குள் அடக்க எவ்வளவு காற்று வேண்டும்? 0.2-ஐ 0.0075-ஆல் வகுத்தால் 26.67. இது வெளியேறும் மொத்தக் காற்று. உள்ளே அனுப்பும் புதுக்காற்றைக் கேட்டால் 0.2-ஐக் கழித்து 26.47. வித்தியாசம் அற்பம்தான், ஆனால் எண்ணை நாமே உள்ளிடும் கேள்வியில் இரண்டு தசமம் கேட்டால் விடை போய்விடும்.

சரி, மனப்பாடம் செய்தே ஆகவேண்டியவை கொஞ்சம்தான். காற்றில் சுமார் 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் வெடிக்கும், 10-க்குச் சற்றுக் கீழே வேகம் அதிகம். 1.25 சதவீதத்தைத் தாண்டினால் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். 0.75 என்பது வெளியேறும் காற்றுப் பாதையின் வரம்பு. கடைசி இரண்டும் எந்த இடத்துக்கு உரியவை என்று சேர்த்தே எழுதிப் பழகுங்கள்.