விண்ணப்பத்தில் அப்பாவின் பெயர்

என் பெயரை நிரப்பிவிட்டேன். அடுத்த கட்டம் குடும்பப் பெயர் கேட்டது. அங்கே கை நின்றுவிட்டது.

மலேசியத் தமிழர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று கிடையாது. அடையாள அட்டையில் முதலில் என் பெயர், நடுவில் ஏ/பி, அப்புறம் அப்பா பெயர். 'இன்னாருடைய மகள்' என்று பொருள், அவ்வளவுதான். பள்ளியிலிருந்து வங்கி வரை இந்த 42 வயதுக்குள் என்னை எல்லோரும் என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். சரி, வேறு என்ன போடுவது என்று அப்பா பெயரைத் தட்டினேன். அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

விண்ணப்பம் அமெரிக்காவின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்கு. மேரிலாந்தின் அனாபொலிஸில் ஒரு வளாகம், நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபேயில் இன்னொன்று. நான் கேட்டிருப்பது லிபரல் ஆர்ட்ஸ் முதுகலை, இணையவழியில். இலக்கியம், வரலாறு, தத்துவமும் இறையியலும், அரசியலும் சமூகமும், கணிதமும் இயற்கை அறிவியலும் என்று ஐந்து பிரிவுகள். அவற்றில் நான்கை முடிக்க வேண்டும். அங்கே விரிவுரை கிடையாது. கற்பிப்பவர்களைப் பேராசிரியர் என்று சொல்வதில்லை, டியூட்டர் என்கிறார்கள். எல்லோரும் ஒரே நூலைப் படித்துவிட்டு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். டியூட்டர் ஒரு கேள்வியைப் போடுவார். பேச்சு அங்கிருந்து நம்முடையது.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் ஷிப்ட் இன்ஜினியராக இருக்கிறேன். பழுதான சிப்பை எடுத்து, எந்த இடத்தில் எதனால் போனது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிப்பது என் வேலை. இந்த வேலைக்கும் அந்தப் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டிலும் கேட்டார்கள், தொழிற்சாலையிலும் கேட்டார்கள். சம்பள உயர்வு வராது என்பது எனக்கும் தெரியும். அதற்காகப் போகவில்லை.

ஏன் போகிறேன் என்பதைத்தான் விண்ணப்பக் கட்டுரையில் எழுத வேண்டியிருந்தது. அதற்கு எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. முதலில் எழுதியதில் அறிவுத் தாகம், வாழ்நாள் கல்வி என்றெல்லாம் இருந்தது. படித்துப் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அழித்தேன். அடுத்ததில் பினாங்கின் தமிழ்க் கல்வியைப் பற்றி எழுதினேன். 1816இல் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் ஒரு தமிழ் வகுப்பு தொடங்கியது. இந்த நாட்டுத் தமிழ்க் கல்விக்கு அதுதான் தொடக்கம் என்று 2016இல் இருநூறாம் ஆண்டு கொண்டாடினோம். எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் கட்டுரை கேட்டது என்னைப் பற்றி. அதையும் அழித்தேன்.

மூன்றாவது முறை, நைட் ஷிப்ட் முடிந்து பாலத்தைத் தாண்டி பட்டர்வர்த் திரும்பும்போது அப்பாவின் ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது: "எப்படித் தெரியும்?"

அப்பா நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். விடிவதற்கு முன்னால் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், மதியம் பால் வாளியோடு ஸ்டோருக்கு வருவார். அங்கே கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், பாலை எடை போடுவார். அப்புறம் ஒரு மிதவைக் கருவியைப் பாலில் விட்டு ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்து எண்ணைக் குறிப்பார். கூலி அந்த எண்ணைப் பொறுத்தது. மற்றவர்கள் கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அப்பா மட்டும், "ஐயா, இது மிதக்கிறத வச்சு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். சண்டைக்காக இல்லை, தெரிந்துகொள்ள. ஒரு கிராணி அவரை விரட்டினார். அடுத்து வந்தவர் வாளியில் தண்ணீரை ஊற்றிக் காட்டினார்: தண்ணீர் கூடக் கூடக் கருவி எவ்வளவு மேலே எழும்புகிறது, ஏன் என்று. அன்று சாயங்காலம் அப்பா வீட்டில் ஒரு குவளைத் தண்ணீரும் உப்பும் வைத்துக்கொண்டு எனக்கும் தம்பிக்கும் அதையே செய்து காட்டினார். உப்புத் தண்ணீரில் முட்டை மிதந்தது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் தெரிகிறது.

அந்தக் கல்லூரியின் கணிதப் பிரிவில் பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடைப் படிக்கிறார்கள். கொடுத்த ஒரு கோட்டின் மேல் சமபக்க முக்கோணம் வரைவதுதான் முதல் தேற்றம். மாணவரே எழுந்து ஒவ்வொரு படியாக நிறுவிக் காட்ட வேண்டும். ஒவ்வொரு படியிலும் கேள்வி அப்பாவுடையதுதான். பொறியியலில் நான் சூத்திரங்களைப் போட்டுப் பார்த்தேனே தவிர, அப்படிக் கேட்டதில்லை. கேட்க நேரமில்லை. பரீட்சை இருந்தது, கடன் இருந்தது. இதை அப்படியே எழுதினேன். ஒரே இரவில் முடிந்தது.

சாண்டா ஃபேயில் கீழை நூல்களுக்கென்றே வேறொரு முதுகலையும் உண்டு. இந்தியா, சீனா, ஜப்பான் நூல்கள். முதலில் அதைத்தான் பார்த்தேன். மொழிப்பாடம் சமஸ்கிருதம் அல்லது செம்மைச் சீனம். தமிழ் இல்லையே என்று மனம் வலித்தது, மறைக்கவில்லை. ஆனாலும் கடைசியில் என்னை இழுத்தது யூக்ளிட்.

பரிந்துரைக் கடிதத்துக்குத் தமிழ்ப்பள்ளியில் எனக்குக் கற்பித்த சாரைத் தேடிப் போனேன். எழுபது தாண்டிவிட்டார். இந்த வயதில் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "என்னென்ன நூல்ம்மா படிப்பீங்க?" என்றார். இத்தனை பேரில் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். கடிதத்தைத் தமிழில், கையால், இரண்டு பக்கம் எழுதித் தந்தார். ஆங்கிலமாக்க மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தேன். என்னைப் பற்றிய கடிதத்தை நானே மொழிபெயர்ப்பது முறையில்லை.

மதிப்பெண் பட்டியலுக்கு நான் படித்த பல்கலைக்கழகத்துக்கு இரண்டு முறை அலைந்தேன். முதல் முறை தந்ததில் அப்பா பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. வேறு சமயமாக இருந்தால் பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். இந்த முறை திருத்தித் தரும்வரை விடவில்லை.

பணம் பெரிய விஷயம்தான். டாலர் கட்டணம் எங்கள் வெள்ளியில், அதாவது ரிங்கிட்டில், சுமார் நாலு மடங்கு. ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமநிதியில் படிப்புக்கென்று எடுக்க வழி இருக்கிறது. எங்களுக்குப் பொருந்துமா என்று கணவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். நேரம்தான் வசதி. அனாபொலிஸில் மாலை ஏழு என்றால் இங்கே மறுநாள் காலை ஏழு, அவர்களுக்குக் குளிர்காலம் என்றால் எட்டு. நைட் ஷிப்ட் வாரங்களில் தொழிற்சாலை கார் நிறுத்துமிடத்திலேயே மடிக்கணினியைத் திறந்துவிடலாம்.

போன ஞாயிறு இரவு அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

அனுப்பியதும் அம்மாவிடம் ஒன்று சொன்னேன். அந்தக் கல்லூரி வகுப்பில் முதல் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. மிஸ்டர், மிஸ் போட்டுக் குடும்பப் பெயரைத்தான் சொல்வார்கள். டியூட்டரும் மாணவரும் ஒருவரையொருவர் அப்படித்தான்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையை நிறுத்திவிட்டு, "அப்ப ஒவ்வொரு தடவையும் உங்கப்பா பேரையா சொல்லுவாங்க?" என்றார்.

"ஆமாம்மா."

"சரியா சொல்லத் தெரியுமா அவங்களுக்கு?"

தெரியாவிட்டால் நான் சொல்லித் தருகிறேன் என்றேன்.