பிரியாணிக்கு எத்தனை மணி நேரம்?

என் சித்தப்பா சினிமாவில் லைட்மேன். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு விளக்குத் தூக்கப் போனவர். நான் பட்டம் வாங்கி, சென்னையில் படங்களுக்குக் கணினிக் காட்சி ஜோடனை செய்யும் ஒரு விஎஃப்எக்ஸ் நிறுவனத்தில் கம்பாசிட்டிங் செய்கிறேன், அதாவது தனித்தனிப் படத்துண்டுகளை ஒரே காட்சியாகச் சேர்க்கிறேன். கூடுதல் நேர வேலைக்கு எங்கள் இருவரில் காசு பார்ப்பவர் அவர்தான். படப்பிடிப்பு கால்ஷீட் நேரத்தை, அதாவது ஒரு ஷிஃப்டைத் தாண்டினால் யூனியன்காரர் புரொடக்‌ஷன் மேனேஜர் முன்னால் போய் நிற்பார். ஒன்றரை கால்ஷீட் சம்பளம் எழுதப்படும். எனக்கு இரவு பிரியாணிப் பொட்டலம் வரும்.

"ஒரு பிரியாணிக்கு எத்தனை மணி நேரம் பாப்பா?" என்று சித்தப்பா கேட்டார். கிண்டல்தான். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்கிறது. கூடுதல் நேரத்தையும் சேர்த்து நாளுக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். மாதம் 25,000 ரூபாய் வாங்கும் ஜூனியரை எடுத்துக்கொள்ளுங்கள். 26 நாளால் வகுத்து, 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 120 ரூபாய், இரட்டிப்பாக 240. இரண்டு மணி நேரம் கூடுதலாக இருந்தாலே 480 ரூபாய். எங்களுக்கு வரும் பிரியாணியில் முட்டைகூடக் கிடையாது.

முதலாளிகள் எல்லாரும் கொடியவர்கள் என்று சொல்ல வரவில்லை. இந்தத் தொழிலில் விலை பேசும் முறையிலேயே கோளாறு இருக்கிறது. ஒரு ஷாட்டுக்கு இத்தனை ஆள்-நாள் (ஒருவர் ஒரு நாள் செய்யும் வேலை) என்று முன்கூட்டியே ஒரு தொகைக்கு ஒப்புக்கொள்கிறார்கள். பிறகு இயக்குநர் வானத்தின் நிறத்தை மாற்றச் சொல்வார். நான்காவது பதிப்பில் பழைய வானமே நன்றாக இருந்தது என்பார். தொகை அப்படியே நிற்கும், நேரம் மட்டும் நீளும். வெளிநாட்டுப் படமென்றால் இன்னொரு தொல்லை: கோடைக்காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் காலை பத்து மணி என்றால் இங்கே இரவு பத்தரை. அவர்கள் காபி குடித்துக்கொண்டே அனுப்பும் திருத்தங்களுக்காக நாங்கள் விழித்திருக்கிறோம். குறைவாக விலை சொல்லி வேலையைப் பிடித்ததால் விழும் பள்ளத்தை எங்கள் தூக்கத்தைப் போட்டு நிரப்புகிறார்கள்.

இதைக் கேட்டால், "நாமெல்லாம் ஆர்ட்டிஸ்ட், மணி பார்த்து வேலை செய்ய முடியுமா?" என்பார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். ஒரு கம்பியைப் படத்திலிருந்து ஃபிரேம் ஃபிரேமாக அழிக்கும்போது நான் எந்தக் கலைத் தவத்திலும் இல்லை. அமெரிக்காவில் இந்தப் பேச்சு நீதிமன்றம் வரை போனது. 2004 நவம்பரில், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற விளையாட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவரை மணக்கவிருந்த பெண் ஒருவர், காலை ஒன்பது முதல் இரவு பத்து வரை, வாரம் ஏழு நாளும் அவரைப் பிழிந்தெடுத்த கதையைப் பெயர் சொல்லாமல் இணையத்தில் எழுதினார். கூடுதல் நேர ஊதியம் கேட்டு ஓவியக் கலைஞர்கள் தொடுத்திருந்த வழக்கில் அந்த நிறுவனம் 2005-இல் 1.56 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. தொடக்க நிலைக் கலைஞர்கள் பலர் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு மாற்றப்பட்டார்கள். அவர்கள் கலை ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

எங்கள் அலுவலகத்தில் காசுக்குப் பதில் காம்ப்-ஆஃப், அதாவது ஈட்டு விடுப்பு உண்டு. படம் முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு படம் முடிவதற்குள் அடுத்த படம் வந்து உட்கார்ந்துவிடும். தேதி கடந்த விடுப்புகள் சாஃப்ட்வேரிலிருந்து தானாக மறைந்துவிடுகின்றன.

சித்தப்பாவின் யோசனைப்படி, தினமும் உள்ளே வந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் எனக்கு நானே மின்னஞ்சலாக அனுப்பி வைக்கிறேன். பக்கத்து இருக்கைக்காரியும் ரோட்டோ பிரிவில் (காட்சியில் உருவங்களை வெட்டிப் பிரிப்பவர்கள்) இருக்கும் பையன்கள் இருவரும் இப்போது அதையே செய்கிறார்கள். இந்த மாதம் நால்வரும் சேர்ந்து ஒரே கடிதமாக எச்ஆரிடம் கொடுத்தோம். "டெலிவரி முடியட்டும், பேசுவோம்" என்றார்கள். எந்தத் தேதியில் என்று எழுதித் தரும்படி கேட்டிருக்கிறோம்.