அப்பாவும் 128 சீட்டும்

2024 ஜூன் 2, ஞாயிறு

ஒரு கிலோ வெங்காயம் நறுக்கித் தரச் சொல்லிவிட்டு அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். நான் கடையிலிருந்து திரும்பும்போது ஐந்து கிலோ மூட்டையே காலி. அப்பா கடைசி நாலைந்து வெங்காயத்தில் இருந்தார். எல்லாத் துண்டும் ஒரே அளவு, பந்திக்கு நறுக்குகிற அதே நேர்த்தி. "போதும்ப்பா" என்றேன். "ஆமா, போதும்" என்றார். கை நிற்கவில்லை. கத்தியை நான்தான் வாங்கி வைத்தேன்.

பிப்ரவரியில் வண்டி சறுக்கி நெற்றி தரையில் மோதியது. ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. நெற்றிக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மூளை கன்றிப்போயிருந்தது. ஏப்ரல் ஸ்கேனைப் பார்த்த டாக்டர் இரத்தமெல்லாம் கரைந்துவிட்டது, வேலைக்குப் போகலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நடை சரி, பேச்சு சரி. யார் வீட்டுக் கல்யாணத்தில் என்ன பாயசம் என்பது வரை ஞாபகம் இருக்கிறது. ஆனால் 25 வருஷமாக முகூர்த்தச் சமையல் எடுத்தவரால் முப்பது பேருக்கு மளிகை லிஸ்ட் போட முடியவில்லை. அரிசி, அரிசி என்று நான்கு முறை எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

சித்தப்பா, "அண்ணன் மனசு வைக்க மாட்டேங்குறார்" என்கிறார். போன வாரம் நானும் அதையே சொல்லிக் கத்தினேன்.

ஜூன் 5, புதன்

வேறொரு நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்ததால் இன்று நரம்பியல் உளவியல் மதிப்பீட்டுக்குப் போனோம். மூளையின் எந்தத் திறன் சரியாக இருக்கிறது, எது அடிபட்டிருக்கிறது என்று கேள்விகளாலும் சின்னச் சின்னச் சோதனைகளாலும் பார்ப்பது. சோதிக்கிற மேடம் முதல் அரைமணி நேரம் சமையலைப் பற்றி மட்டுமே கேட்டார். எத்தனை அடுப்பு, எத்தனை ஆள், எது முதலில் ஏறும், முதல் பந்திக்கு எத்தனை மணிக்கு எது தயாராக வேண்டும் என்று. இதுவரை யாருமே இதைக் கேட்டதில்லை. அப்புறம் என்னை வெளியே உட்காரச் சொன்னார். வீட்டு ஆள் உள்ளே இருந்தால் கண்ணாலேயே விடை சொல்லிவிடுவோமாம்.

மதியம் டீக்கடையில் அப்பாவே சொன்னார். "முன்னாடி நாலு சீட்டும்மா. சிவப்பு முக்கோணம் ஒண்ணு, பச்சை நட்சத்திரம் ரெண்டு, மஞ்சள் கூட்டல்குறி மூணு, நீல வட்டம் நாலு. கையில ஒரு கட்டு கொடுத்து ஒவ்வொண்ணா எது கூடச் சேரும்னு வைக்கச் சொன்னாங்க. எப்படின்னு சொல்ல மாட்டாங்க. சரி, தப்பு, அவ்வளவுதான். நிறம் பார்த்து வெச்சேன், சரி சரின்னாங்க. திடீர்னு தப்புன்னாங்க. அப்புறம் தப்பு தப்புன்னே…"

"நீங்க மாத்திப் பார்க்கலையாப்பா?"

"தப்புன்னு தெரியுதும்மா. ஆனா கை நிறத்துக்குத்தான் போவுது."

டீ ஆறிப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வெங்காயம்தான் என் கண்முன் நின்றது.

ஜூன் 6, வியாழன்

இன்று ஒற்றுமை சொல்லும் கேள்விகள். ஆரஞ்சுக்கும் வாழைப்பழத்துக்கும் என்ன ஒற்றுமை? அப்பா சொன்ன பதில்: "ரெண்டும் தாம்பூலத் தட்டுல வைக்கிறது." 'பழம்' என்றால்தான் முழு மதிப்பெண். போச்சு, இதிலும் குறை என்று நினைத்தேன்.

மேடம் அப்படி நினைக்கவில்லை. எட்டாவதோடு பள்ளியை விட்டவர், பொருளைப் பயன்பாட்டால்தான் சேர்ப்பார் என்றார். லூரியா என்ற ரஷ்ய ஆய்வாளர் 1931, 32-இல் உஸ்பெகிஸ்தான் கிராமங்களில் சுத்தியல், ரம்பம், கோடரி, மரக்கட்டை இவற்றில் சேராதது எது என்று கேட்டாராம். பள்ளிக்கூடம் போகாத விவசாயிகள் கட்டையை விலக்க மறுத்துவிட்டார்கள். கட்டை இல்லாமல் ரம்பம் எதற்கு? அவர்கள் மூளையில் எந்தக் காயமும் இல்லை. எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்திருக்கிறது.

அதனால் மேடம் அப்பாவிடம் வேறு மாதிரி கேட்டிருக்கிறார்: சீரகம், மிளகு, கடுகு, வெங்காயம், எது சேராது? "வெங்காயம் காய்கறிக் கணக்கு. மத்த மூணும் மளிகை" என்று உடனே சொன்னாராம். வகைப்படுத்தும் அறிவு அப்படியே இருக்கிறது.

இரவு வெகுநேரம் படித்தேன். அந்தச் சீட்டுச் சோதனை 1948-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் உருவானது. மொத்தம் 128 சீட்டு. தொடர்ந்து பத்து சரியானதும் சொல்லாமல் விதியை மாற்றிவிடுவார்கள். கனடாவின் மான்ட்ரியலில் பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர், வலிப்புக்காக மூளையின் முன்பகுதியில் அறுவை செய்துகொண்டவர்களிடம் இதைக் கொடுத்துப் பார்த்து 1963-இல் எழுதினார். பழைய விதியையே அவர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஹென்றி மோலைசன் என்ற பிரபலமான மறதி நோயாளியைச் சோதித்தவரும் இவர்தான். 1953 அறுவைக்குப் பிறகு மோலைசனுக்குப் புதிதாக நடந்தது எதுவும் நினைவில் தங்கவில்லை. அப்பாவுக்கு நேர் எதிர்ப்பக்கம். மூளைக் காயம் என்றால் மறதிதான் என்று நினைத்திருந்தேனே.

ஜூன் 14, வெள்ளி

அறிக்கை வந்துவிட்டது. பெங்களூரில் இருக்கும் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ் 2004-இல் வெளியிட்ட ஒப்பீட்டு அளவுகளை வைத்து, அப்பாவின் வயதும் படிப்பும் உள்ளவர்களோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். பட்டதாரிகளோடு அல்ல. அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

ஞாபகப் பகுதியை மேடம் நிதானமாக விளக்கினார். 15 சொற்களை ஐந்து முறை படித்துக் காட்டினார்களாம். அரைமணி கழித்துக் கேட்டபோது அப்பாவுக்கு வந்தது 6தான். ஆனால் வேறு சொற்களோடு கலந்து, இது இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோது 14 சொற்களைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். சரக்கு கிடங்கில் இருக்கிறது, தேடி எடுத்துத் தரும் ஆள்தான் தடுமாறுகிறார்.

அடிபட்டது நிர்வாகத் திறன். தொடங்குவது, வரிசைப்படுத்துவது, மாற்றுவது, நிறுத்துவது. சமையல் அத்தனையும் தெரிந்திருந்தும் லிஸ்ட் வராதது அதனால்தான். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அப்போ அவர் வேணும்னு செய்யலையா?" "இல்லைம்மா" என்றார் மேடம். அம்மா அங்கேயே அழுதுவிட்டார். வீட்டுக்கு வந்து நான் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கும்மா?" என்றார்.

சித்தப்பாவிடம் போனில் ஒரு மணி நேரம் பேசினேன். பாதி புரிந்திருக்கும். மீண்டும் பேசுவேன்.

ஜூன் 23, ஞாயிறு

மேடம் சொன்னபடி அடுப்பங்கரையில் ஒரு சிலேட் மாட்டியிருக்கிறோம். ஒரு வரிக்கு ஒரு வேலை. முடிந்ததும் அப்பாவே கோடு போட்டு அடிக்க வேண்டும். செல்போனில் அலாரம். 'போதும்' என்று நாங்கள் சொல்வதற்குப் பதில் அது சொல்லும்.

முதல் மூன்று நாள் அலாரத்தை அணைத்துவிட்டு நறுக்குவதைத் தொடர்ந்தார். அப்புறம் போனை எட்டத்தில், சிலேட்டுக்குப் பக்கத்தில் வைத்தோம். எழுந்து போனால்தான் அணைக்க முடியும்.

இன்று எட்டுப் பேருக்குச் சாம்பார். கத்தரிக்காய் பாதியில் இருக்கும்போது அலாரம் அடித்தது. அப்பா கத்தியைக் கீழே வைத்தார். எழுந்து போய் அணைத்தார். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு சிலேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாக்பீஸ் எடுத்து முதல் வரியை அடித்தார்.

"பருப்பு வெந்திருக்கும்மா. அடுத்து புளி."